தலைக்கு விலை வைத்த காலம்: ஓநாய் போன கதையும் நீலகிரிச் செந்நாய் தப்பிய கதையும்

ஏழாம் வகுப்பில் பழமொழிப் பாடம். “ஆடு நனைகிறதே” என்று பாதியில் நிறுத்தினாலே, “என்று ஓநாய் அழுததாம்” என்று மீதியை வகுப்பே சேர்ந்து சொல்லி முடித்தது. பொருளும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், ஓநாய் எப்படி இருக்கும்? நம்ம செந்நாய் மாதிரியா?” என்று கேட்டாள்.

“ஓநாயை நேரில் பார்த்தவங்க கை தூக்குங்க” என்றேன். ஒரு கையும் எழவில்லை. “செந்நாய்?” நான்கு பேர் தூக்கினார்கள். ஒருத்தன் மசினகுடிக்குப் பாட்டி வீட்டுக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறான். இன்னொருத்தி அவலாஞ்சிப் பக்கம் அப்பாவோடு போனபோது.

பழமொழியில் வாழும் விலங்கை வகுப்பில் ஒருவரும் பார்த்ததில்லை. பழமொழி எதிலும் வராத விலங்கை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். அன்று அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வேட்டை விலங்கு ஓரிடத்தை விட்டு எப்படிப் போகிறது? சுட்டுக் கொன்றார்கள், போய்விட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நடப்பது அவ்வளவு நேரான காரியம் இல்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம்: உள்ளூர் அழிவு. ஒரு விலங்கு உலகத்திலேயே இல்லாமல் போனால் அது முற்றழிவு. ஓரிடத்தில் மட்டும் இல்லாமல் போய், வேறெங்கோ உயிரோடு இருந்தால் அது உள்ளூர் அழிவு. சிவிங்கிப்புலி நல்ல உதாரணம். 1947ல் இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் மூன்று சிவிங்கிப்புலிகள் ஒரே இரவில் சுடப்பட்டன. 1952ல் இந்தியாவில் அந்த விலங்கே இல்லை என்று அரசு அறிவித்தது. ஆப்பிரிக்காவில் இருந்தது, ஈரானில் கொஞ்சம் இருந்தது, இங்கே இல்லை. 2022ல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

உள்ளூர் அழிவு சத்தமில்லாமல் நடக்கும். முற்றழிவுக்காவது ஒரு தேதி கிடைக்கும், செய்தித்தாளில் வரும். ஒரு தாலுகாவில் ஓநாய் கடைசியாக ஊளையிட்ட இரவை யாரும் குறித்து வைப்பதில்லை. பத்து வருடம் கழித்து, “இப்பல்லாம் காணோமே” என்று ஒருவர் சொல்வார். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஓநாயும் செந்நாயும் ஒன்றா? இல்லை. பெயரில் நாய் இருப்பதால் வரும் குழப்பம் இது. ஓநாய் நம் வீட்டு நாய்க்கு மிக நெருங்கிய சொந்தம். வீட்டு நாயே பழைய ஓநாய் இனத்திலிருந்து வந்ததுதான். நம் நாட்டு ஓநாய் சாம்பலும் மண்ணும் கலந்த நிறம், நீளமான கால், ஒடிசலான உடம்பு, சுமார் இருபது கிலோ. அது காட்டு விலங்கு என்பதைவிட வெட்டவெளி விலங்கு என்பதே பொருத்தம். புல்தரை, முட்புதர், மேய்ச்சல் நிலம், வெளிமான் திரியும் காய்ந்த சமவெளி ஆகியவைதான் அதன் இடம். சோலையும் மூடுபனியுமான ஊட்டி மலை அதற்கு ஊரே இல்லை.

செந்நாய் வேறு கிளை. செங்கல் நிறம், புசுபுசுவென்று கறுத்த வால், வட்டமான காது, குட்டையான மூஞ்சி. எடை பதினைந்து கிலோ அளவுக்குத்தான் வரும். வாயைத் திறந்து எண்ணினால் 40 பற்கள்; ஓநாய்க்கும் நாய்க்கும் 42. பெட்டைச் செந்நாய்க்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை முலைக்காம்புகள் உண்டு, வீட்டு நாய்க்குப் பத்துதான் வழக்கம். செந்நாய் குரைக்காது, ஊளையிடாது. சீழ்க்கை அடிக்கும். இந்தச் சீழ்க்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சங்கப் பாடல்களிலேயே செந்நாய் வருகிறது. வேட்டையாடிய செந்நாய் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீரைப் பற்றிப் பாலைவழி போகிறவன் பேசுகிறான். இரண்டாயிரம் வருடமாக நம் மொழிக்குத் தெரிந்த விலங்கு என்பதற்காகச் சொல்கிறேன். நரியோடும் ஓநாயோடும் அதைக் குழப்பிக்கொள்வது நாம் காட்டை விட்டு விலகிய பிறகு வந்த வழக்கம்.

வேறு வேறு விலங்குகள் என்றால் ஏன் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறேன்? இரண்டுக்கும் எதிராக நடந்தது ஒரே காரியம் என்பதால்தான்.

பெயர் சூட்டுவது, விலை வைப்பது

ஒரு வேட்டை விலங்கை ஒழிக்க முதல் வேலை துப்பாக்கி எடுப்பது அல்ல, அதற்குப் பெயர் வைப்பது. ‘தொல்லை விலங்கு’ என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எலி, பெருச்சாளியோடு புலியும் சிறுத்தையும் ஓநாயும் செந்நாயும் அதில் சேரும். பட்டியலில் ஏறிய விலங்கைக் கொல்வது குற்றமாக இருந்தது போய், கொல்வதே ஊருக்குச் செய்யும் உபகாரம் ஆகிவிடும். அடுத்த படி, தலைக்கு இவ்வளவு என்று இனாம் அறிவிப்பது.

வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில் இது பெரிய அளவில் நடந்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது வருடத்தில் ஏறக்குறைய 80,000 புலிகள், 1,50,000 சிறுத்தைகள், 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றில் பெரிய எண் ஓநாயுடையது. புலி வேட்டைப் படங்கள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன, துரை காலை மடித்து உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் புலி கிடக்கும். செத்த ஓநாயோடு அப்படி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் யாரும் விரும்பவில்லை. அதைக் கொன்றது பெரும்பாலும் ஏழை ஜனம். கொன்ற இடம் குட்டிகள் கிடந்த வளை. காரணம் இனாம். இன்று நாட்டில் மிஞ்சியிருக்கும் ஓநாய்கள் மூவாயிரம் அளவில்தான்.

ஓநாய் ஒரு பாவமும் அறியாதது என்று சொல்ல வரவில்லை. ஆட்டுக்காரருக்கு அது உண்மையான நஷ்டம். 1996ல் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும், 2024ல் அதே மாநிலத்தின் பஹ்ரைச் மாவட்டத்திலும் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கியது உண்மை. அந்தத் தாய்மாரிடம் போய் ஓநாய் நல்லது என்று பேச எவருக்கும் வாய் வராது. தாக்கிய விலங்கைப் பிடிப்பது ஒரு காரியம், ஒரு இனத்தையே தலைக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாக்கிய இடத்தில்தான் எல்லா அழிவும் தொடங்கியது.

நம் மலைக்கு வருவோம். 1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தார். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கு இந்தப் புல்வெளி ஒரு வேட்டைத் திடலாகத் தெரிந்தது. அவர்கள் ஊரில் குதிரை ஏறி நாய்களை விட்டு நரி விரட்டுவது பெரிய விளையாட்டு. இங்கே அந்த நரி இல்லை. அதனால் குள்ளநரியை விரட்டினார்கள். வென்லாக் டவுன்ஸ் என்று இன்று சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்கும் புல்மேடுகள் அந்தக் குதிரைகள் ஓடிய இடங்கள்.

கடமானும் வரையாடும் கண் முன்னே குறைந்தன. குறைத்தது யார்? துப்பாக்கி பிடித்தவர்கள்தான். 1877ல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் ஒன்று உருவானது. 1879ல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மான் வேட்டைக்குப் பருவம் குறித்தார்கள், உரிமம் கேட்டார்கள். இந்தச் சட்டத்தால் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வரையாடு இன்று முக்குருத்தி தேசியப் பூங்காவில் நிற்பதில் அந்தக் கட்டுப்பாடுகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அன்றைய பாதுகாப்பு என்பதன் பொருள், மானை நமக்காகக் காப்பாற்றி வைப்பது. நாம் சுட வேண்டிய மானை வேறு யாரும் தின்னக்கூடாது. அந்த வேறு யாரோதான் செந்நாய்.

அன்றைய வேட்டைக்காரர்களுக்குச் செந்நாய் மீது இருந்த வெறுப்பு சாதாரணமானது அல்ல. புலியை ஒரு மதிப்போடு பேசியவர்கள்கூடச் செந்நாயைக் கொடூரன், கொள்ளைக்காரன் என்றே பேசினார்கள். காரணம் அது கொல்லும் விதம். புலியும் சிறுத்தையும் தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும். செந்நாய் சின்ன உடம்பு, அதற்கு அந்தப் பலம் கிடையாது. கூட்டமாக விரட்டி, பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் கடித்து, வயிற்றைக் கிழித்துக் கொல்லும். பார்ப்பதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தம் போய், அதிர்ச்சியில், மான் சில நிமிடங்களில் செத்துவிடும். காட்டில் எதுவும் மெத்தையில் படுத்துச் சாவதில்லை. காலில் குண்டு பட்டு மூன்று நாள் நொண்டி, யார் கண்ணிலும் படாமல் புதருக்குள் செத்த கடமான்களைப் பற்றி அந்த வேட்டைக்காரர்கள் அவ்வளவு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆக, செந்நாய்க்கும் இனாம் வந்தது. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, ஏறக்குறைய நூறு வருடம், அதைக் கொல்வது பாராட்டத் தக்க வேலையாகவே இருந்தது.

காலித் தோட்டாவின் சீழ்க்கை

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. இளவட்டமாக இருந்தபோது எஸ்டேட் துரைமாருக்குத் தடம் பார்த்துக் கொடுக்கப் போனவர். செந்நாய் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னதும் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“ஒண்ணச் சுட்டா மத்ததெல்லாம் சிதறி ஓடிரும் வாத்தியாரே. ஓடிருச்சேன்னு நாங்க கிளம்ப மாட்டோம். அப்படியே உக்காந்துருப்போம். கொஞ்ச நேரத்துல ஒண்ண ஒண்ணு கூப்பிட ஆரம்பிக்கும். சீழ்க்கை. அப்ப காலித் தோட்டா இருக்கும்ல, அது வாயில உதட்ட வச்சு ஊதுவோம். அச்சு அசல் அதே சத்தம். தன் ஆளுதான் கூப்பிடுதுன்னு ஒவ்வொண்ணா திரும்பி வரும்.”

பேசும்போதே மேசையில் கிடந்த என் பேனா மூடியை எடுத்து, கீழ் உதட்டில் பதித்து ஊதினார். மெல்லிய, கொஞ்சம் சோகமான சத்தம். வாசலில் படுத்திருந்த அவர் வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. “திரும்பி வர்றதத்தான் சுடுவாங்க” என்று சொல்லிவிட்டு மூடியை வைத்துவிட்டார்.

கூட்ட விலங்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் அழிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. எந்தப் பிணைப்பு அதை உயிரோடு வைத்திருக்கிறதோ, அதையே பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடுகிறது.

சிறுத்தை தனி ஆள். ஒரு சிறுத்தை செத்தால் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். செந்நாயும் ஓநாயும் அப்படி இல்லை. அங்கே உயிர் வாழ்வது கூட்டம். செந்நாய்க் கூட்டத்தில் சாதாரணமாக ஐந்திலிருந்து பத்து, சில சமயம் இருபதுக்கு மேலும் இருக்கும். ஆனால் குட்டி போடுவது பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டைதான். மற்றதெல்லாம் அக்கா, அண்ணன், சித்தி, மாமன் மாதிரி. அவை வேட்டைக்குப் போய் வயிறு நிறையத் தின்றுவிட்டு வளைக்குத் திரும்பி, தாய்க்கும் குட்டிகளுக்கும் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். ஒன்றிரண்டு காவலுக்கு நிற்கும். கார்த்திகை, மார்கழி தொடங்கி மாசி, பங்குனி வரை குட்டிக் காலம்.

ஒரு கணக்குக்காக, கூட்டத்தில் பத்து செந்நாய் என்று வையுங்கள். மூன்றைச் சுட்டாயிற்று. மீதி ஏழு இருக்கிறதே என்று நினைப்போம். சுட்ட மூன்றில் ஒன்று குட்டி போடும் பெட்டை என்றால் அந்த வருடக் குட்டிகள் அனைத்தும் போச்சு. காவலுக்கு நிற்பது ஒன்று என்றால் வளைக்குள் சிறுத்தை நுழைய வழியாயிற்று. ஏழு நான்கானால் கடமானை வீழ்த்துவது கஷ்டம். கடமான் இருநூறு கிலோவுக்கு மேல் வரும். பதினைந்து கிலோ உடம்பு நான்கு சேர்ந்து அதை நிறுத்துவது லேசான காரியமா? அப்படியே வீழ்த்தினாலும் புலி வந்தால் விட்டுவிட்டு ஓட வேண்டும். பசித்த தாய்க்குப் பால் குறையும், குட்டிகள் தங்காது. இப்படி ஒரு எல்லைக்குக் கீழே போன கூட்டம், யாரும் சுடாமலேயே கரைந்துபோகும். அந்த எல்லை எங்கே என்று சுடுகிறவருக்குத் தெரியாது. அதனால்தான் “நாங்க எல்லாத்தையும் சுடலியே, எப்படிப் போச்சு?” என்று பிறகு கேட்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

வளையைத் தோண்டுவது இன்னும் மோசம். ஓடும் செந்நாயைச் சுடக் குறி வேண்டும், துப்பாக்கி வேண்டும். வளையில் இருக்கும் குட்டிக்கு மண்வெட்டி போதும், இனாம் அதற்கும் உண்டு. விஷம் அதைவிட மோசம். மாட்டை இழந்தவர் செத்த மாட்டில் மருந்தைத் தடவி வைத்தால் ஒரே ராத்திரியில் ஒரு கூட்டம் முழுவதும் போய்விடும், கூடவே கழுகும் நரியும்.

இனாம் என்ற ஏற்பாட்டுக்கே இன்னொரு குணம் உண்டு. கொல்லக் கொல்லப் பணம் வரும்போது, அந்த விலங்கால் நிஜமாகவே நஷ்டமா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியாத் தீவில் தைலசின் என்று ஒரு பிராணி இருந்தது. முதுகில் கோடு போட்ட, கங்காருவைப் போலக் குட்டியைச் சுமக்கப் பை உள்ள பிராணி. வந்தேறிகள் அதை டாஸ்மேனிய ஓநாய் என்றார்கள், ஆட்டைத் தின்கிறது என்றார்கள். 1888 முதல் 1909 வரை அரசே தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்தது. 2,184 தலைகளுக்குப் பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது. அதைப் பாதுகாக்கும் உத்தரவு 1936 ஜூலையில் வந்தது. கடைசித் தைலசின் அதே வருடம் செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் செத்தது. இரண்டு மாதம்கூட இல்லை. ஓநாய் என்று பெயர் சூட்டியதே அதற்கு எமனாயிற்று.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா கதை கொஞ்சம் வேறு. 1872ல் உருவான பூங்கா அது. அங்கேயே, காவலர்களே ஓநாயைக் கொன்றார்கள். 1926க்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எழுபது வருடம் கழித்து, 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அங்கே காடு பெரிதாக, இரை நிறைய, பக்கத்து நாட்டில் ஓநாய் தாராளமாக இருந்தது. இந்த மூன்றும் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

நிலம் போனால்

துப்பாக்கியை மட்டும் குற்றம் சொன்னால் பாதிக் கதைதான். தமிழ்நாட்டுச் சமவெளி ஓநாய்க்கு நடந்தது பெரும்பாலும் நில விஷயம். புல்தரையை நம் கணக்கு ஏடுகள் தரிசு என்று எழுதின. தரிசு என்றால் ஒன்றுக்கும் உதவாதது, கிணறு வெட்டலாம், ஆலை கட்டலாம், மரம் நடலாம். வெளிமானும் ஓநாயும் கானமயிலும் குடியிருந்த வீட்டுக்கு ‘காலி மனை’ என்று பலகை மாட்டியது போல. வெளிமான் போனதும் ஓநாய்க்கு மிஞ்சியது ஆட்டுப்பட்டிதான். ஆட்டைத் தொட்டதும் மருந்து வைத்தார்கள்.

மலையில் நடந்ததும் இதன் இன்னொரு வடிவம். உச்சியில் இருந்த புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்து 1840களிலிருந்து சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் கொண்டுவந்து நட்டார்கள். சீகை தானாகவே பரவி, புல்லை மூடிவிட்டது. வரையாட்டுக்கும் கடமானுக்கும் மேய்ச்சல் சுருங்கியது. அவற்றைத் தின்று வாழும் விலங்குக்கும் அதுவே கதி.

செந்நாய் ஏன் தப்பியது? என் எண்ணத்தில் மூன்று காரணம். ஒன்று, அது காட்டு விலங்கு. ஓநாய் மாதிரி வெட்டவெளியில் மனிதரோடு முட்டிக்கொண்டு வாழ வேண்டியதில்லை. இரண்டு, முதுமலை 1940லேயே சரணாலயம் ஆனது. பக்கத்தில் பந்திப்பூர், வயநாடு, நாகர்ஹொளே, சத்தியமங்கலம் என்று தொடர்ந்து காடு இருந்தது. ஓரிடத்தில் கூட்டம் அழிந்தாலும் பக்கத்துக் காட்டிலிருந்து இளசுகள் வந்து இடத்தை நிரப்ப முடிந்தது. மூன்றாவதாக, சட்டம் நேரத்தோடு வந்தது. 1972ல் இனாம் நின்றது. இன்னும் இருபது வருடம் தள்ளிப் போயிருந்தால் நம் வகுப்பில் அந்த நான்கு கைகளும் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பார்வை மாறியதில் இரண்டு தமிழர்களின் பங்கைச் சொல்லாமல் விடக்கூடாது. குன்னூரில் வாழ்ந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார், சீகூர்ப் பக்கக் காட்டில் செந்நாய்களைப் பொறுமையாகக் கவனித்து 1970களில் எழுதினார். வரையாட்டைக் கணக்கெடுத்ததும் அவரே. திருநெல்வேலிச் சீமையின் நாங்குநேரியிலிருந்து வந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னாலேயே நடந்தார். விலங்கு இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கழுத்துப்பட்டை கிடையாது, தானியங்கிக் கேமரா கிடையாது. கால் நடையும் கண்ணும் நோட்டுப்புத்தகமும்தான். செந்நாய் காட்டையே காலி செய்துவிடும் என்ற பழைய பேச்சை அந்த மாதிரி வேலைதான் உடைத்தது. ஜான்சிங் 2024ல் காலமானார்.

மனிதரைச் செந்நாய் கடித்ததா என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். காட்டில் மனிதரைச் செந்நாய்க் கூட்டம் தாக்கிக் கொன்றதாக நம்பத்தக்க பதிவு கிடையாது. உண்மையில் தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது. செந்நாய் மானை வீழ்த்திய இடத்துக்குப் போய், அவற்றை விரட்டிவிட்டு, தொடையை அறுத்து எடுத்து வருவது காட்டோர ஊர்களில் பழைய வழக்கம். சத்தம் போட்டால் போதும், விலகிவிடும். கொள்ளைக்காரன் என்று பட்டம் வாங்கியதோ அது.

உலக அளவில் பார்த்தால் நிலைமை நிம்மதி தருவதாக இல்லை. குட்டி போடும் வயதுள்ள செந்நாய்கள் உலகம் முழுக்கச் சேர்த்து 949க்கும் 2,215க்கும் இடையில்தான் என்று 2015ல் மதிப்பிட்டார்கள். பழைய காலத்தில் அது திரிந்த நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் இன்று அது இல்லை. அதாவது முக்கால் பங்கு நிலத்தில் உள்ளூர் அழிவு நடந்து முடிந்துவிட்டது. மீதமிருக்கும் இடங்களில் முக்கியமான ஒன்று நம் வீட்டுப் பின்பக்கம்.

இப்போது அதற்கு எதிரி யார்

இன்று யாரும் இனாமுக்காகச் செந்நாயைச் சுடுவதில்லை. இப்போதைய ஆபத்து வேறு வழியில் வருகிறது. அது பெரும்பாலானோருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் தெருநாயும் காவல்நாயும் காட்டோரத்தில் திரிகின்றன. டிஸ்டெம்பர், பார்வோ, வெறிநோய் என்ற மூன்று வைரஸ் நோய்களும் நாயிடமிருந்து செந்நாய்க்குத் தாவக்கூடியவை. கூட்ட விலங்கு என்பதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். ஒன்றை ஒன்று நக்கும், ஒரே இரையில் வாய் வைக்கும், கக்கியதைத் தின்னும். எச்சம் போடுவதற்குக்கூட ஒரே பொது இடம். ஒன்றுக்கு வந்த நோய் கூட்டத்தில் நிற்காமல் பரவ இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அதனால் காட்டோர ஊர்களில் நாய்க்குத் தடுப்பூசி போடுவது செந்நாய்க்குச் செய்யும் காரியமும்தான். வெறிநோய் ஊசி முகாம்களில் கிடைக்கிறது. டிஸ்டெம்பர் ஊசியை எத்தனை பேர் போடுகிறார்கள்? எஸ்டேட் லைனில் நாய் வளர்க்கும் என் மாணவர்களிடம் கேட்டேன். வெறிநோய் ஊசி போட்டதாகப் பாதிப் பேர் சொன்னார்கள். டிஸ்டெம்பர் என்ற பெயரையே யாரும் கேட்டதில்லை.

தொல்லை விலங்கு என்ற பட்டியலும் முழுசாகப் போய்விடவில்லை. ஒரு மாநிலம் கேட்டால், குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கை அப்படி அறிவிக்க மத்திய அரசுக்கு 1972 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2015, 2016ல் பீகாரில் நீல்காய் என்ற பெரிய மான் வகை, உத்தராகண்டில் காட்டுப்பன்றி, இமாச்சலில் குரங்கு என்று அறிவித்தார்கள். விவசாயியின் நஷ்டம் உண்மை, அதற்கு வழி வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை உபயோகிக்கும் ஒவ்வொரு தடவையும், அது போன தடவை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டு உபயோகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயத்தை நேரில் காட்டினேன். போன மாசியில் அனுமதி வாங்கி, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணையோடு பிள்ளைகளை அழைத்துப்போனேன். இரண்டு காட்டுப் பாதைகள் சந்திக்கும் முக்கில் அவர் நின்று கையைக் காட்டினார். ஓர் ஆள் படுக்கும் அளவு இடத்தில் பதினொரு எச்சம். சில புதிதாகக் கறுப்பாக, சில வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி. புலியும் சிறுத்தையும் தனித்தனியாகப் போடும். செந்நாய்தான் கூட்டமாக ஒரே முக்கில் போடும், அதுவும் பாதைகள் சேரும் இடத்தில். போகிற வருகிற எல்லாச் செந்நாய்க்கும் அது அறிவிப்புப் பலகை.

“கை வைக்காதே” என்று சொல்லிவிட்டு, காவலர் ஒரு குச்சியால் வெளுத்த ஒன்றைப் பிரித்தார். உள்ளே முழுக்க முடி. தடித்த, சொரசொரப்பான, பழுப்பு முடி. “கடமான்” என்றார். இன்னொன்றில் மெல்லிய, செம்மஞ்சள் முடி, அது புள்ளிமான். மூன்றாவதில் சின்னக் குளம்பின் நுனி ஒன்று கிடந்தது.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் நோட்டை எடுத்து, தேதி, இடம், எத்தனை எச்சம், எதில் என்ன முடி என்று வரிசையாக எழுதினாள். கீழே ஒரு கேள்வி: “பதினொண்ணு போட்டது எத்தனை செந்நாய்?” காவலரிடம் கேட்டாள். “ஏழுன்னு நினைக்கிறேன் பாப்பா. போன வருஷம் இந்தக் கூட்டத்துல நாலுதான் பார்த்தேன்” என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டாள்.